ஏவுதற் கருத்தாவாகிய நிரல்: புற ஆணைகளை இயக்கும் முறை பற்றிய ஆய்வு

ஒரு வினையைத் தானே நிகழ்த்துவோனை இயற்றுதற் கருத்தா என்றும், பிறனைக் கொண்டு நிகழ்த்துவிப்போனை ஏவுதற் கருத்தா என்றும் இலக்கண நூலார் வகுத்துரைப்பர். கணிப்பொறியில் ஓடும் நிரல்களுக்கும் இவ்விரு நிலை உண்டு. தனக்கு வேண்டிய தொழிலைத் தன்னுள் எழுதப்பட்ட கட்டளைகளாலேயே முடித்துக்கொள்ளும் நிரல் முன்னையது. சுவடியின் ஒளிப்படத்தைச் சுருக்குதற்கோ, அச்சுப் பக்கத்தினின்று எழுத்துகளைப் படித்தெடுத்தற்கோ, கோப்புகளைப் பெயர்த்து வைத்தற்கோ முன்னரே உள்ள மற்றொரு நிரலை ஏவி, அது முடித்துத் தரும் பயனைப் பெற்றுக்கொள்ளும் நிரல் பின்னையது. இப்பின்னைய நிலையே ஈண்டு ஆராயப்படுகின்றது.

தமிழாராய்ச்சி இதழில் இப்பொருள் எற்றுக்கு என வினவலாம். சொல்லடைவு தொகுத்தல், பாட வேறுபாடுகளை ஒத்துப் பார்த்தல், நூற்றுக்கணக்கான ஏட்டுப் படங்களை வரிசைப்படுத்தல் ஆகிய பணிகளுக்கு நம் முதுகலை மாணவர் தாமே சிறு நிரல்கள் எழுதிக்கொள்ளும் காலம் இது. அவ்வாறு எழுதப்பெற்ற நிரல் லினக்ஸ் பொறியில் பழுதின்றி ஓடுகின்றது. அதனையே விண்டோஸ் பொறிக்குக் கொண்டு சென்றால் சில கோப்புகளைக் காணாது நின்றுவிடுகின்றது. சிலவிடத்து, அழிக்கத் தகாத கோப்பை அழித்துவிடுகின்றது. பல திங்கள் உழைத்துப் பெயர்த்தெழுதிய பாடம் ஒரு நொடியில் மறைவதற்கு இடம் தரும் இக்குற்றம், ஆராய்ந்து பார்க்குங்கால், நாம் நன்கறிந்த ஒரு சிக்கலாகவே முடிகின்றது. ஆணை என்னும் தொடர் எங்கே, எவரால், எவ்விதியால் சொற்களாகப் பிரிக்கப்படுகின்றது என்பதே அச்சிக்கல்.

‘செம்பொன்பதின்றொடி’ என்னும் தொடரைச் செம்பொன் பதின்றொடி எனவும், செம்பு ஒன்பதின்றொடி எனவும் பிரிக்கலாம் என உரையாசிரியர் காட்டுவர். எழுத்து மாறவில்லை, பிரிப்போன் மாறினான், பொன் செம்பாயிற்று. கணிப்பொறியிலும் இதுவே நிகழ்கின்றது. ஆனால் ஆங்குப் பிரிப்போன் இடமும் சூழலும் நோக்கிப் பொருள் தெளியும் புலவன் அல்லன். தனக்கு இட்ட விதியன்றிப் பிறிதொன்றும் அறியாத பொறி.

முதற்கண் யுனிக்ஸ் மரபினைக் காண்பாம். பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் 1969 இல் தொடங்கிய இவ்வியங்குதளத்தில் ஒரு நிரல் மற்றொன்றை ஏவும் செயல் இரு படிகளாக நிகழும். ஏவும் நிரல் முதலில் தன்னையே போன்ற ஒரு படியை ஈன்றுகொள்ளும். இது ஃபோர்க் எனப்படும். இக்கருத்தை மெல்வின் கான்வே 1963 இலேயே எடுத்துரைத்துள்ளார். ஈன்ற சேய் பின்னர்த் தன் உள்ளீட்டை அகற்றிவிட்டுப் புதிய நிரலின் உள்ளீட்டை ஏற்றுக்கொள்ளும். இது எக்ஸெக் எனப்படும். நாம் உற்றுநோக்கற்பாலது இவ்விரண்டாம் படியே. எக்ஸெக் என்னும் அழைப்பு, தொடர் எதனையும் ஏற்பதில்லை. சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வரிசையாக அடுக்கிக் கொடுத்தாலன்றி அஃது இயங்காது. ஆகவே யுனிக்ஸின் கருவாகிய கெர்னல் சொற்களின் வரிசையையே அறியும், தொடரை அறியாது. ஒரு சொல்லின் நடுவே இடைவெளியோ, மேற்கோட்குறியோ, வேறெந்தக் குறியோ இருப்பினும் அதற்குக் கவலையில்லை.

அங்ஙனமாயின் இடர் எங்கே தோன்றுகின்றது? ஷெல் என்பதிலே தோன்றுகின்றது. ஓடு என்னும் பொருளுடைய அப்பெயர், மனிதன் தட்டச்சிடும் தொடரை வாங்கிச் சொற்களாகப் பிரித்துக் கெர்னலிடம் ஒப்படைக்கும் இடைநிலை நிரலைக் குறிக்கும். யுனிக்ஸின் ஏழாம் பதிப்புடன் 1979 இல் வெளிவந்த ஸ்டீபன் போர்னின் ஷெல்லும், 1989 இல் பிரையன் ஃபாக்ஸ் ஆக்கிய பாஷ் என்னும் ஷெல்லும் பெயர்பெற்றன. மனிதன் எழுதும் வரியைப் பிரித்தற்கு ஷெல் இன்றியமையாதது. ஆனால் சி மொழியின் நூலகத்தில் உள்ள சிஸ்டம் என்னும் செயற்கூறு, நிரல் தரும் தொடரையும் இந்த ஷெல்லிடமே அனுப்புகின்றது. மொழிகள் பலவற்றிலும் இதனையொத்த எளிய வழி ஒன்று உண்டு. எளிமை கருதி மாணவர் முதற்கண் கற்பதும் இதுவே. தன்னிடம் சொற்களாகவே இருந்தவற்றை ஒரு தொடராக ஒட்டி, ஒட்டிய தொடரை வேறொருவன் தன் விதிப்படி மீண்டும் பிரிக்குமாறு விடுவது இம்முறை. பிரித்தவன் பிரித்தது முன்னைய சொற்களாகவே அமையும் என்பதற்கு உறுதி யாதும் இல்லை.

எடுத்துக்காட்டு ஒன்று கூறுவாம். ஒரு கோப்பகத்தில் ‘பாட்டு’ என்னும் கோப்பும், ‘பத்துப் பாட்டு’ என இடைவெளியிட்டுப் பெயரிட்ட மற்றொரு கோப்பும் உள்ளன என்க. பின்னதை நீக்குமாறு, நீக்கல் ஆணையாகிய ஆர்எம் என்பதனோடு அப்பெயரை ஒட்டி ஷெல்லிடம் விடுக்கின்றோம். ஷெல் அதனை மூன்று சொற்களாகக் காண்கின்றது. ‘பத்துப்’ என்னும் கோப்பு இல்லையெனக் குறைகூறி, ‘பாட்டு’ என்னும் கோப்பை நீக்கிவிடுகின்றது. நீக்கக் கருதியது எஞ்சியது. காக்கக் கருதியது ஒழிந்தது.

இது கற்பனை இடர் எனக் கருதற்க. 2001 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐடியூன்ஸ் 2.0 என்னும் நிரலின் நிறுவல் எழுத்தில், பழைய படியை நீக்கும் ஆணையொன்று வட்டின் பெயரை மேற்கோட்குறிக்குள் அடக்காது எழுதப்பட்டிருந்தது. பெயரில் இடைவெளி பெற்ற வட்டுகளை உடையார் சிலர் தம் கோப்புகளை இழந்தனர். நிறுவனம் அதனைத் திரும்பப் பெற்று 2.0.1 எனத் திருத்திய பதிப்பை வெளியிட்டது. இரு மேற்கோட்குறிகள் இல்லாமையால் நேர்ந்த இழப்பு அது.

மேற்கோட்குறி இடுதலே தீர்வாகுமன்றோ எனின், ஒருவாறு ஆகும், முற்றும் ஆகாது. போர்ன் மரபின் ஷெல்லில் ஒற்றை மேற்கோட்குறிக்குள் அடங்கியவை யாவும் தம்மையே குறிக்கும். இரட்டை மேற்கோட்குறிக்குள் டாலர் குறி முதலிய சில மட்டும் தம் சிறப்பாற்றலை இழப்பதில்லை. ஆயின் அடக்கப்படும் சொல்லிலேயே ஒற்றை மேற்கோட்குறி ஒன்று வந்துவிடின் வேலி உடைந்துவிடும். வாசகர் தட்டச்சிடும் சொல்லைப் பெற்று நூற்றொகுதியில் தேடித் தரும் நிரல் ஒன்றை எண்ணிப் பார்க்க. அச்சொல்லை அப்படியே ஆணையுடன் ஒட்டினால், அரைப்புள்ளி ஒன்றை இட்டுப் புதியதோர் ஆணையைத் தொடர்ந்தெழுத வல்ல எவர்க்கும் நம் பொறி ஏவல் கேட்கும். அரைப்புள்ளி ஷெல்லுக்கு ஆணையின் முற்று. அதனை அடுத்து வருவது மற்றோர் ஆணை. தேடுதற்குத் தந்த இடத்தில் அழித்தற்கு ஆணை எழுதலாம். இவ்வகைத் தாக்குதலே ஆணைப் புகுத்தல் எனப் பெயர் பெற்று, கணிப்பொறிக் காவல் நூல்களில் விரிவாகப் பேசப்படுகின்றது.

யுனிக்ஸில் இதற்குரிய நேர்வழி ஷெல்லை இடையிடாமையே. சொற்களை வரிசையாகவே வைத்து, வரிசையாகவே எக்ஸெக்கிடம் தருக. பைத்தான் மொழியில் 2004 இல் 2.4 ஆம் பதிப்புடன் சேர்ந்த சப்பிராசஸ் என்னும் நூலகம் இம்முறையையே இயல்பாகக் கொண்டுள்ளது. ஷெல் வேண்டுவோர் வெளிப்படையாகக் கேட்டுப் பெறல் வேண்டும். இங்ஙனம் செய்யின் ‘பத்துப் பாட்டு’ ஒரு சொல்லாகவே சென்று சேரும். ஒன்று மட்டும் எஞ்சும். கோப்பின் பெயர் சிறுகோட்டுடன் தொடங்கின், ஏவப்பட்ட நிரல் அதனைக் கோப்பெனக் கொள்ளாது விருப்பக்குறி எனக் கொள்ளும். இதனை விலக்க, பெயர்களுக்கு முன் இரட்டைச் சிறுகோடு இட்டு விருப்பக்குறிகள் முடிந்தன எனக் காட்டுதல் யுனிக்ஸ் நிரல்கள் பலவற்றின் மரபு.

இனி விண்டோஸ் மரபு. ஈண்டு நிலைமை தலைகீழாக உள்ளது. இருவகை இயங்குதளத்திற்கும் நிரல் எழுதுவோர் தவறுவதெல்லாம் பெரும்பாலும் இவ்வேறுபாட்டை உணராமையாலேயே என்பது எம் கருத்து. இதன் வேர் 1981 இல் வந்த எம்எஸ்-டாஸில் உள்ளது. ஆங்கு ஏவப்படும் நிரலுக்கு ஆணைவரியின் எச்சப் பகுதி, நீளத்தைக் குறிக்கும் ஒரு பைட்டு உட்பட 128 பைட்டு அளவினதாகிய சிறு இடத்தில், பிரிக்கப்படாத தொடராகவே வைக்கப்பட்டது. பிரித்துக்கொள்வது அந்நிரலின் கடன். 1993 இல் விண்டோஸ் என்டி வெளிவந்தபோதும் இம்மரபு மாறவில்லை. கிரியேட்பிராசஸ் என்னும் அழைப்பு இன்றும் சொல்வரிசையை ஏற்பதில்லை. 32,767 எழுத்தலகு வரையுள்ள ஒரு தொடரையே ஏற்கின்றது. ஆகவே விண்டோஸில் பைத்தான் முதலிய மொழிகளில் சொற்களை வரிசையாகத் தந்தாலும், அம்மொழியின் நூலகம் அவற்றை மறைவில் ஒரு தொடராக ஒட்டியே விடுக்கின்றது. ஏவப்பட்ட நிரல் தன் விதிப்படி அதனைப் பிரிக்கின்றது. யுனிக்ஸில் பிரிப்போன் ஷெல் ஒருவனே. விண்டோஸில் நிரல்தொறும் பிரிப்போன் உளன்.

நற்பேறாக, பெரும்பாலான நிரல்கள் மைக்ரோசாஃப்டின் சி நூலகம் வகுத்த விதியையே பின்பற்றுகின்றன. அவ்விதி, முதன்முறை படிப்போர்க்கு வியப்பளிப்பது. இடைவெளியுள்ள சொல் இரட்டை மேற்கோட்குறியால் அடக்கப்படும். ஒற்றை மேற்கோட்குறிக்கு ஆற்றல் யாதும் இல்லை. லினக்ஸில் ஒற்றை மேற்கோட்குறியால் அடக்கி எழுதிய ‘சங்க நூல்’ இங்கே இரு சொல்லாகப் பிளந்து, குறிகளும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். பின்சாய்கோடு பொதுவிடத்துத் தன்னையே குறிக்கும். இரட்டை மேற்கோட்குறிக்கு முன்னர் வருங்கால் மட்டும் அக்குறியின் ஆற்றலை அடக்கும். நிலைமொழி ஒன்றே, வருமொழி நோக்கித் திரிகின்றது என்னலாம். ஆங்கு இரு பின்சாய்கோடுகள் ஒன்றாகக் குறையும் என்பதும் விதியின் ஒரு கூறு.

இதனால் விளையும் இடர் ஒன்றை மாணவர் மறத்தலாகாது. விண்டோஸில் கோப்பகப் பாதைகள் பின்சாய்கோட்டால் எழுதப்படுவன. ‘டி’ இயக்ககத்தின் ‘சுவடிப் படம்’ என்னும் கோப்பகத்தை இறுதியிற் பின்சாய்கோட்டுடன் எழுதி, இடைவெளி கருதி மேற்கோட்குறிக்குள் அடக்கினால், இறுதிப் பின்சாய்கோடு அடைக்கும் மேற்கோட்குறியை விழுங்கிவிடும். வேலி அடைபடாமையால் அடுத்த சொல்லும் இதனோடு சேர்ந்து ஒரே சொல்லாகும். இறுதிப் பின்சாய்கோட்டை இரட்டித்தல், அல்லது அதனை அறவே விடுதல், இதற்கு மருந்து.

மேற்கூறிய விதி நிரல் பிரிக்கும் விதியே. விண்டோஸின் ஷெல்லாகிய சிஎம்டி இடையில் வருமாயின் அதற்கென வேறொரு விதித்தொகுதி உண்டு. அதன் அடக்கற்குறி பின்சாய்கோடு அன்று; கேரட் என்னும் கூரைக்குறி. விழுக்காட்டுக் குறியிரண்டின் இடைப்பட்ட பெயரை அஃது இரட்டை மேற்கோட்குறிக்குள்ளும் விரித்துப் பொருள்கொள்ளும். ஆகவே ஷெல் வழிச் செல்லும் ஒரு தொடர் முதலில் சிஎம்டியின் விதிக்கும் பின்னர் நிரலின் விதிக்கும் ஒருங்கே பொருந்துமாறு அமைதல் வேண்டும். இரு உரையாசிரியரும் உடன்படுமாறு ஒரே சூத்திரத்தை எழுதும் முயற்சி போல்வது இது. தொடரின் நீளமும் 8,191 எழுத்தலகிற்குச் சுருங்கிவிடும்.

ஷெல்லை விலக்கினேம் என எண்ணியிருப்போரும் விண்டோஸில் ஒருகால் ஏமாறுவர். ஏவப்படுவது ‘பேட்’ என்னும் ஈறு பெற்ற தொகுப்பாணைக் கோப்பாயின், கிரியேட்பிராசஸ் தானே சிஎம்டியை அழைத்துக்கொள்கின்றது. நூலகம் நிரல்விதிப்படி அடக்கியனுப்பிய சொற்களைச் சிஎம்டி தன் விதிப்படி பிரிக்கின்றது; ஆணைப் புகுத்தலுக்கு வாயில் திறந்துவிடுகின்றது. 2024 ஏப்ரலில் இக்குறை வெளிப்படுத்தப்பட்டபோது மொழிகள் பலவற்றின் நூலகங்கள் இதற்கு ஆட்பட்டிருந்தமை தெரியவந்தது. ரஸ்ட் மொழியார் தம் 1.77.2 ஆம் பதிப்பில், ஐயமற அடக்கவியலாத சொல்லை விடுக்க மறுத்துப் பிழையெனத் திருப்புமாறு செய்தனர். ஐயமுள்ள பாடத்தை ஊகித்துத் திருத்தாது அடையாளமிட்டு விடும் நல்ல பதிப்பாசிரியரின் முறையே இது. யாம் இதனையே சிறந்ததாகக் கொள்வோம்.

நிரலின் பெயரைக் கண்டறிவதிலும் ஒரு கண்ணி உண்டு. கிரியேட்பிராசஸிடம் நிரலின் பெயரைத் தனியே தாராது தொடருக்குள் மட்டும் தந்து, இடைவெளியுள்ள பாதையை மேற்கோட்குறியால் அடக்காது விடின், அது முதல் இடைவெளி வரையுள்ளதே நிரலின் பெயரோ என முதலிற் பார்க்கும். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ என்னும் கோப்பகத்தில் உள்ள நிரலை ஏவக் கருதின், ‘சி’ இயக்ககத்தில் ‘புரோகிராம்’ என்ற பெயரில் எவரேனும் வைத்த நிரல் ஓடிவிடுதல் கூடும்.

சொற்பிரிப்பு ஒருபுறமிருக்க, சொல்லே ஒன்றாயினும் பொருள் வேறாதலும் உண்டு. ஃபைண்ட் என்னும் ஆணை யுனிக்ஸில் கோப்பகங்களுக்குள் புகுந்து கோப்புகளைத் தேடும். விண்டோஸில் கோப்பினுள் உள்ள எழுத்துத்தொடரைத் தேடும். ஏட்டுப் படங்களை ஆள்வோர்க்குப் பயன்படும் இமேஜ்மேஜிக் என்னும் நிரற்றொகுதியில் படத்தை வேறு வடிவிற்கு மாற்றும் ஆணை கன்வெர்ட் எனப் பெயர் பெற்றிருந்தது. விண்டோஸிலோ அப்பெயருடைய நிரல் வட்டின் கோப்பமைப்பையே என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றுவது. படத்தை மாற்றச் சென்று வட்டை மாற்றும் நிரலின் வாயிலில் நிற்பது நகைப்புக்குரியதாயினும் அச்சத்திற்கும் உரியது. இமேஜ்மேஜிக்கின் ஏழாம் பதிப்பு மேஜிக் என்னும் தனிப்பெயரை ஆள்வது இதனால் நலமாயிற்று. இன்னும், டிர், காப்பி, டெல் ஆகியவை விண்டோஸில் தனி நிரல்கள் அல்ல, சிஎம்டியின் உறுப்புகள். அவற்றை ஷெல்லின்றி ஏவ முயன்றால் அத்தகைய நிரல் இல்லையென்ற விடையே கிட்டும். கோப்பைப் படியெடுத்தல், நீக்கல் ஆகியவற்றுக்கு மொழியின் நூலகத்திலேயே செயற்கூறுகள் உள்ளன. ஏவலாளை நாடவே தேவையில்லை.

உடுக்குறியிட்டுப் பல கோப்புகளை ஒருங்கு சுட்டும் வழக்கமும் இவ்வாறே மாறுபடும். யுனிக்ஸில் அதனை விரிப்பது ஷெல்; ஷெல்லை விலக்கின் உடுக்குறி உடுக்குறியாகவே சென்று சேரும். விண்டோஸில் விரிப்பது ஏவப்பட்ட நிரல். சில விரிக்கும், சில விரியா. பெயர்களை நம் நிரலே திரட்டி ஒவ்வொன்றாகத் தருதல் இரு தளத்திற்கும் ஒக்கும்.

ஏவிய பின் விடை பெறுதல் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். முடிந்த நிரல் ஓர் எண்ணைத் திருப்பும். சுழி வெற்றியைக் குறிக்கும் என்பது இருபாலார்க்கும் பொது. யுனிக்ஸில் தாய்நிரல் பொதுவாகக் காண்பது 0 முதல் 255 வரையே. ஷெல் வழிச் சென்று ஆணை கிட்டாவிடின் 127 வரும். விண்டோஸில் இவ்வெண் 32 பிட்டு அளவினது. 256 என்னும் எண்ணால் தோல்வியை அறிவிக்கக் கருதிய நிரல் யுனிக்ஸில் சுழியையே திருப்பி வெற்றியென மயக்கும். மேலும், சேய்நிரல் வெளியிடுவதைக் குழாய் வழிப் பெறுங்கால், தாய்நிரல் அதனைப் படியாது முடிவுக்கு மட்டும் காத்திருத்தல் கூடாது. லினக்ஸில் குழாயின் கொள்ளளவு இயல்பாக 65,536 பைட்டு. அது நிரம்பியதும் சேய் இடம் வேண்டி நிற்கும்; தாய் சேயின் முடிவு வேண்டி நிற்கும்; இரண்டும் என்றும் நிற்கும். சிறிய நூலில் சோதித்தபோது ஓடிய நிரல் பெருநூலில் உறங்கிவிடுவதற்கு இதுவே காரணம்.

இறுதியாக, தமிழ்க் கோப்புப் பெயர்களுக்கே உரிய இடர் ஒன்று. லினக்ஸ் கோப்பின் பெயரைப் பைட்டுகளின் கோவையாகவே கொள்ளும். இன்று அக்கோவை யூடிஎஃப்-8 முறையில் அமைவது வழக்கு. விண்டோஸ் 16 பிட்டு அலகுகளால் யூனிகோட் எழுத்தைச் சேமிக்கும். ஆயினும் பழைய முறையில் எழுதிய விண்டோஸ் நிரல்கள் ஆணைச்சொற்களை எட்டுப் பிட்டுக் குறிமுறைப் பக்கம் வழியாகப் பெறுகின்றன. தமிழுக்கு அத்தகைய பக்கம் விண்டோஸில் அமையாமையால், தமிழெழுத்து ஒவ்வொன்றும் வினாக்குறியாக மாறிவிடும். ‘கம்பன்’ ஆறு வினாக்குறியாகும். வினாக்குறியோ விண்டோஸில் எவ்வெழுத்தையும் குறிக்கும் பொதுக்குறி. அவ்வாறு பெற்ற சொல்லை அந்நிரல் மீண்டும் டெல் ஆணைக்கு உறுப்பாக்குமாயின், எழுத்தளவு பொருந்தும் பிற கோப்புகளும் அழிதல் கூடும். 2019 இல் வந்த விண்டோஸ் 10 இன் 1903 ஆம் பதிப்பு முதல், ஒரு நிரல் தனக்கு யூடிஎஃப்-8 பக்கமே வேண்டுமெனத் தன் அறிவிப்புக் கோப்பில் கேட்டுப்பெற இயலும்.

பெயரின் நீளமும் நோக்கத்தக்கது. லினக்ஸின் வழக்கமான கோப்பமைப்புகளில் ஒரு பெயர்க்கு எல்லை 255 பைட்டு. தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று பைட்டு ஆதலின் 85 குறிகளே அடங்கும். விண்டோஸில் 255 அலகும் தமிழுக்குக் கிட்டும். ஆங்கு நூலின் முழுத்தலைப்பையும் பெயராக இட்ட கோப்பு ஈங்கு வந்து சேராது.

இவற்றினும் நுண்ணியது ஒகர உயிர்மெய் பற்றியது. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். முன்னிற்கும் எகரக் குறி, பின்னிற்கும் கால் என இரண்டாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் ஒப்புமையுடையன என வகுத்துள்ளது. முன்னது யூடிஎஃப்-8 இல் ஆறு பைட்டு, பின்னது ஒன்பது. மேக் பொறிகளின் எச்எஃப்எஸ் பிளஸ் என்னும் பழைய கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. 2017 இல் வந்த ஏபிஎஃப்எஸ் தந்த வடிவையே காக்கின்றது. லினக்ஸோ பைட்டு வேறாயின் பெயரும் வேறு எனக் கொள்ளும். ஆதலின் ‘கொற்றவை’ என்னும் பெயரில் இரு கோப்புகள் ஒரே கோப்பகத்தில், கண்ணுக்கு வேறுபாடின்றி, அருகருகே இருத்தல் கூடும். நம் நிரல் ஒன்றை ஏவற்சொல்லாகத் தர, ஏவப்பட்ட நிரல் அத்தகைய கோப்பு இல்லையென்று கூறும். பல பொறிகளினின்று கோப்புகளைத் திரட்டும் ஆராய்ச்சியாளர், பெயர்களை யூனிகோடின் சேர்த்த வடிவிற்கு மாற்றி ஒப்பிட்டுக்கொள்க. ஆனால் ஆணையில் தரும் பெயர், கோப்பகத்தைப் படித்தபோது கிட்டிய பைட்டுகள் மாறாத அப்பெயராகவே இருத்தல் வேண்டும்.